நாஸியாவின் முடிச்சு

கிட்டார் உடம்பின் மேல்முனைக் கொம்பில் தாடையைப் பதித்துக்கொண்டு நாஸியா கண்ணை மூடியிருக்கிறார். விரல் தடித்த கம்பியை ஒரு முறை சுண்டுகிறது. அதற்குப் பிறகு அசைவே இல்லை. சத்தம் நம் காதுக்கு அடங்கி, தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போய், அதுவும் அடங்கிய பின்னும் தாடையை எடுப்பதாகத் தெரியவில்லை. புதிதாகப் பார்க்கிறவர்கள் பல்வலி என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், கிராம்புத் தைலம் வேண்டுமா என்றுகூடக் கேட்டேன்.

"இன்னும் ஓடிக்கினு இருக்குது சார். காதுக்கு முடிஞ்சிட்ச்சி, எலும்புக்கு முடியல" என்றார், கண்ணைத் திறக்காமலே.

காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டையில், ஒரு பக்கம் பிரியாணிக் கடை, மறுபக்கம் தறிக்கான டிசைன் அட்டை குத்தும் கடை, நடுவில் 'சத்தார் சவுண்ட்ஸ்'. கல்யாணம், தேர், தர்கா உருஸ், மாதா கோயில் திருவிழா என்று பேதமில்லாமல் ஊருக்கே மைக் செட் வாடகைக்கு விட்ட அப்துல் சத்தாரின் ஒரே மகள் நாஸியா. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். துப்பட்டாவின் முனையை இடுப்பில் செருகி, காதோரம் ஒரு சின்னத் திருப்புளியை எப்போதும் வைத்திருப்பார். நான் முதல் முறை அங்கே போனது மிக்ஸி ரிப்பேருக்கு. அதைக் கையில்கூட வாங்கவில்லை. "மிக்ஸி சத்தம் போடுதுதான் சார். ஆனா சத்தத்துக்காகச் செஞ்ச சாமான் இல்லையே. எதிர்க்கடைல குடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மிக்ஸி எதிர்க்கடையில் சரியாகிவிட்டது. நான்தான் இந்தப் பக்கமே தங்கிவிட்டேன்.

அவருடைய இப்போதைய தொழிலை ஒரு வரியில் சொல்வதென்றால், கையால் செய்த எலெக்ட்ரிக் கிட்டார்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு எது தேறும் என்று சொல்வது. இப்படி ஒரு தொழிலா என்று கேட்பவர்களுக்கு: தொழிற்சாலையிலிருந்து வரும் கிட்டார் எல்லாம் அச்சில் வார்த்த இட்லி. கையால் செய்ததில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. செய்கிறவர்கள் நாடெங்கும் ஆளுக்கொரு கொட்டகையில் உட்கார்ந்து செய்கிறார்கள். வாழ்நாளில் ஒன்றுதான் வாங்க முடியும் என்கிற வாசிப்பாளர் இரண்டு மூன்றுக்கு நடுவில் தவிக்கும்போது, எல்லாவற்றையும் பார்சலில் நாஸியாவுக்கு வரவழைத்துவிடுகிறார்கள். புடவைக்குக் காஞ்சிபுரம் வருகிற மாதிரி இதற்கும் வருகிறார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், நாஸியாவுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஒரு பாட்டு, அரைப் பாட்டு, ஒன்றும் வராது. வெறும் கம்பியைச் சுண்டுவதோடு சரி. அதில் அவருக்கு வெட்கம் இல்லை, கொஞ்சம் கர்வம்கூட உண்டு. "வாசிக்கத் தெரிஞ்சவன் கை மோசமான கிட்டாரையும் காப்பாத்தி வுட்டுடும் சார். நான் சுண்டுனா அது தானா பேசணும். பேசலன்னா மாட்டிக்கும்" என்பார். கற்றுக்கொள்ளச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், தொழிலைக் கெடுக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

வருகிற கிட்டார் எதுவானாலும் முதலில் பழைய கம்பிகளைக் கழற்றி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் புதுக் கம்பி. ஒரே வயர், சத்தத்தைப் பெருக்கிக் காட்டும் ஒரே ஆம்ப். "மாப்பிள்ள பாக்கச் சொல்ல ஒருத்தன் ஷூ போட்டுக்கினு, ஒருத்தன் வெறுங்காலோட நின்னா ஒசரம் எப்படித் தெரியும்?" அடுத்து, முகத்தைப் பார்க்காமல் குப்புறப் போடுவார். முந்தானையைக் காட்டி மயக்குவார்கள், பின்பக்கம்தான் பொய் சொல்லாது என்பது இந்த ஊரில் புடவை வாங்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் இடுக்கில் சிக்கி நின்றால் உதட்டைச் சுழிப்பார். உள்ளே ஒயரிங் இருக்கும் பின்மூடியின் திருகாணிகளை மட்டும் தொடமாட்டார். வாங்குகிறவர் வாய் திறந்து சொன்னால்தான் திறப்பது. "அடுத்தவங்க வூட்டு அடுப்படி சார் அது."

பிறகு பட்டு. பக்கத்து அட்டைக் கடை கலியாணசுந்தரம் கொடுத்த கோராப் பட்டு நூல்கண்டு ஒன்று ஆணியில் தொங்குகிறது. சாயம் ஏறாத, உருவினால் கண்ணுக்கே தெரியாத இழை. அதில் ஒன்றை உருவி, கிட்டாரின் கழுத்தோரத்தில் மேலிருந்து கீழே இழுப்பார். அங்கே வரிசையாக இருக்கும் உலோகப் பட்டைகளின் முனை சரியாக ராவப்படாமல் இருந்தால் இழை சிக்கிக்கொள்ளும். "பட்டு மாட்டுற எடத்துல நாளைக்கு வெரல் மாட்டும்" என்பது தீர்ப்பு. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த எத்தனையோ பெயர் பெற்ற கழுத்துகள் இந்த இழையிடம் தோற்றிருக்கின்றன.

பட்டுக்குப் பிறகு தாடை. தாடைக்குப் பிறகு ஆம்ப். சத்தத்தை அவர் சாப்பாட்டுப் பாஷையில்தான் சொல்லுவார். "இது தெளிஞ்ச ரசம். மேலாக்கப் பாத்தா எல்லாம் இருக்குது, கரண்டி போட்டா அடியில ஒண்ணும் இல்ல." "இது பாயா. நாக்குல ஒட்டுது." எல்லாவற்றிலும் தேறியதற்கு மட்டும், ஒரு கோராப் பட்டு இழையை அதன் தலையில் சுற்றி, நெசவாளர்கள் அறுந்த பாவுக்குப் போடுகிற மாதிரி இறுக்கமான ஒரு குட்டி முடிச்சு. சான்றிதழ் கிடையாது, முத்திரை கிடையாது. அந்த முடிச்சைப் பல வாசிப்பாளர்கள் நைந்து விழும்வரை அவிழ்ப்பதில்லை. பழைய கிட்டாரை விற்கும்போது "காஞ்சிபுரம் முடிச்சு இருக்குதா?" என்று கேட்கிற அளவுக்கு விஷயம் போயிருக்கிறது. இதைச் சொல்லும்போது நாஸியா சிரிக்கமாட்டார், ஆனால் காதோரத் திருப்புளியை ஒரு முறை சரிசெய்துகொள்வார்.

இப்படிப்பட்ட பெண்மணிக்குப் புருஷனாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை மொஹசினிடம் கேட்க வேண்டும். முசரவாக்கத்தில் கொட்டகை போட்டு ஊஞ்சலும் கதவும் செய்கிறவர், பேச்சு குறைந்த மனிதர். கொஞ்ச நாளாக ஊஞ்சல் வேலைகளைத் தட்டிக்கழித்துவிட்டு, பலாமரத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்துகொண்டிருந்தார். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்று நாஸியா சட்டம் போட்டிருந்தார். "வூட்டுக்காரரு வூட்ல. கடைக்கு வந்தா அவரும் ஒரு பார்ட்டிதான். முன்னாடியே எனக்குக் காமிச்சா அது காப்பியடிக்கிற மாதிரி." மொஹசினும் ரோஷக்காரர். ஒயரிங்கைக்கூட வீடியோ பார்த்துத் தானே செய்தார், மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் கிட்டார் கைமாறாவிட்டால் இந்த ஆசையை மூட்டை கட்டிவிட்டு ஓரகடத்தில் ஒரு பர்னிச்சர் கம்பெனிக்கு சூப்பர்வைசராகப் போய்விடுவதாகத் தன் அண்ணனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அது நாஸியாவுக்கும் தெரியும். தெரிந்துதான் சட்டம் போட்டிருந்தார்.

அந்தக் கிட்டாருக்கு நாள் வந்தபோது நான் கடையில் இருந்தேன். வாங்க வந்தவர் யேசுதாஸ். செங்கல்பட்டில் சர்ச்சிலும் ரிசப்ஷன் கச்சேரிகளிலும் வாசிப்பவர். பெங்களூர்க்காரர் ஒருவர் செய்த கறுப்பும், புதுச்சேரிக்காரர் ஒருவர் செய்த சிவப்பும் பார்சலில் வந்திருந்தன. மூன்றாவதாக மொஹசின் தன்னுடையதைத் தோளில் சுமந்து வந்து பெஞ்சில் வைத்துவிட்டு, வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். அந்த நிலையும் அவர் செய்ததுதான்.

பலா வைக்கோல் நிறத்தில் பளபளத்தது. உடம்பின் ஓரத்தைச் சுற்றி, மரத்தில் பள்ளம் எடுத்து, அசல் சரிகையைப் பதித்து மேலே வார்னிஷ் ஏற்றியிருந்தார். புடவைக் கரையைக் கிட்டாருக்குக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. சரிகை கொடுத்தது கலியாணசுந்தரம். அதனால் அவரும் அட்டை குத்தும் மிஷினை நிறுத்திவிட்டு, தன் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தவர்களைப் போல எங்களை நோட்டம் விட்டபடி வந்து நின்றார்.

கறுப்பு முதலில். பின்பக்கம் மாசு மருவில்லை, பட்டு எண்ணெயில் போவதுபோல் போனது. ஆம்பில் போட்டுச் சுண்டினார். "வேலை முத்து. சத்தம் ஆபீசுக்குப் போற சத்தம். நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போவும்." சிவப்பு நேர்மாறு. ஆம்பில் போட்டதும் யேசுதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார், அப்படி ஒரு அடிக்குரல். ஆனால் கழுத்தோரத்தில் பட்டு மூன்று இடங்களில் சிக்கி அறுந்தது. நாஸியா அறுந்த இழையை ஊதிவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்தார்.

பலாமரக் கிட்டாரைக் குப்புறப் போட்டார். நகம் நிற்கவில்லை. பட்டு நிற்கவில்லை. தாடையை வைத்துச் சுண்டினார். எனக்குக் கேட்டு முடிந்தது. யேசுதாஸுக்குக் கேட்டு முடிந்தது. நாஸியா கண்ணைத் திறக்கவே இல்லை. அவ்வளவு நேரம் அவர் தாடை ஒட்டியிருந்து நான் பார்த்ததில்லை. மொஹசின் நிலையிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தார்.

பிறகு வயரைச் செருகினார். 'உய்ய்ய்' என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. கையைக் கிட்டே கொண்டுபோனால் ஏறுகிறது, எடுத்தால் இறங்குகிறது. கம்பியைச் சுண்டினால் அந்த அழகான சத்தம் இரைச்சலுக்குள் மூழ்கியபடி வந்தது.

"எங்க ஷெட்ல இப்படி வரலயே" என்றார் மொஹசின்.

"ஷெட்ல எதுல போட்டுப் பாத்தீங்க?"

"பேட்டரிப் பொட்டில."

"டியூப் லைட்டு? பக்கத்துல மோட்டாரு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப வராது. கச்சேரி மேடைல வரும்." ஆம்பை அணைத்துவிட்டு யேசுதாஸிடம் திரும்பினார். குரல் ஒரு இழைகூட நடுங்கவில்லை. "மூணாவதுக்கு முட்டை. எடுத்து ஓரம் வைப்பா."

மொஹசின் கிட்டாரைப் பையில் போடுவதற்காக உள்ளே வந்தார். நான் அந்த நேரத்தில் நாஸியாவை மனதுக்குள் கொஞ்சம் திட்டினேன், மறைக்கவில்லை. உரைகல்லாக இருக்கலாம், அதற்காகக் கல்லாகவே இருக்க வேண்டுமா? ஆனால் அவர் துப்பட்டா முனையை இடுப்பிலிருந்து எடுத்து, மறுபடி செருகி, மறுபடி எடுத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

யேசுதாஸ்தான் கையை நீட்டித் தடுத்தார். "அக்கா, அதைத் தொறந்து பாக்கலாமா?"

"பார்ட்டி சொல்லிட்டா தொறக்கலாம்" என்றார். அடுத்த நொடி காதோரத் திருப்புளி நாஸியாவின் கைக்கு வந்துவிட்டது. நாலு திருகாணியும் எப்போது கழன்றன என்று எனக்குத் தெரியாது.

உள்ளே எட்டிப் பார்த்தவர் திருப்புளியால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். உடம்பைச் சுற்றி வந்த சரிகையின் முனை பள்ளத்தின் வழியாக உள்ளே இறங்கி, வயர் பற்றவைத்த இடத்தில் ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தது.

"இது இன்னாங்க?"

"கரையில முனை வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு உள்ள மடிச்சு வுட்டேன்" என்றார் மொஹசின். இந்த ஊரைத் தவிர வேறு எந்த ஊரிலும் ஒரு தச்சருக்கு இந்தத் தப்பு செய்ய வந்திருக்காது.

கலியாணசுந்தரத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா நாஸியாம்மா, என் சரிகையிலயா கொறை? நாலு தலைமுறையா இந்த ஊர்ல தறி போட்டுக்கினு இருக்கோம். டூப்ளிகேட் குடுத்துட்டேன்னு சொல்றியா?"

நாஸியா கரண்டு பாய்கிறதா என்று பார்க்கும் மீட்டரின் இரண்டு முனைகளையும் சரிகையில் வைத்தார். அது 'பீப்' என்று கத்தியது. "டூப்ளிகேட்டா இருந்தா இந்த இரைச்சலே வந்திருக்காது அண்ணே. பிளாஸ்டிக் சரிகை கரண்டு கடத்தாது. இது அசல் வெள்ளி. அதான் ஊர்ல இருக்கிற டியூப் லைட்டு சத்தமெல்லாம் இழுத்துக்கினு வருது. உங்க சரிகை சுத்தம்னு ஆம்பே சொல்லிட்ச்சி." கலியாணசுந்தரம் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

சரிகையில் சூடு வைத்தால் உள்ளே இருக்கும் பட்டு கருகிவிடும். அதனால் நாஸியா பற்றவைக்கவில்லை. சரிகை முனையை அங்கிருந்து விலக்கி, அதில் மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, எர்த் வயரோடு சேர்த்துத் திருகாணியில் இறுக்கினார். மூடியைப் போட்டு வயரைச் செருகினார். இரைச்சல் இல்லை. ஆம்ப் ஓடுகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கெடுத்த சரிகையே இப்போது கிட்டாரைச் சுற்றி வேலி போட்டு நிற்கிறது என்று விளக்கினார். கம்பியைச் சுண்டியதும் யேசுதாஸ் எழுந்தே விட்டார்.

"அப்ப இதுதான் பர்ஸ்ட்டா அக்கா?"

"நான் சொல்ல மாட்டேன்."

"இன்னா நாஸியா?" என்றார் மொஹசின். "ஒரு திருகாணி முடுக்குனதுக்கா?"

"என் கை பட்டுட்ச்சிங்க. நான் ஆக்கின பிரியாணிக்கு நானே மார்க் போடறதா? வந்தப்ப அது முட்டை. அது முட்டைதான். இப்ப இருக்கறது வேற பரீட்சை." சொல்லிவிட்டு சிவப்புக் கிட்டாரை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "அதைச் சரி பண்ணிட்டு, இதைப் பண்ணலன்னா அநியாயம் இல்லயா?"

புதுச்சேரிக்காரரைப் போனில் பிடித்து, அனுமதி வாங்கி, சிவப்பின் கழுத்தோரத்தில் அரத்தைப் போட ஆரம்பித்தார். ஒவ்வொரு முனையாக ராவி, துடைத்து, பட்டு இழையை இழுத்து, மறுபடி ராவி. சொந்தப் புருஷனுக்கு எதிராக நிற்பவனின் கத்தியைச் சாணை பிடித்துக் கொடுப்பதென்றால் இதுதான். மொஹசின் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து போய் கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டார். இந்த இரண்டு பேருக்கும் ஏன் கல்யாணம் ஆயிற்று என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கறுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் இதோட கொறை" என்று வைத்துவிட்டார்.

இனி யார் சொல்வது? யேசுதாஸ்தான். ஆனால் கண்ணால் பார்க்கக் கூடாது, கையால் தொடவும் கூடாது. அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தாயிற்று. சுண்டுவதற்கு யார் என்று பார்த்தபோது நாஸியாவின் விரல் என்னை நோக்கி நீண்டது.

"எனக்கு கிட்டாரைப் பிடிக்கவே தெரியாதும்மா."

"ரொம்ப நல்லது. அதுக்குத்தான் உங்கள இத்தினி நாளா கடைல வெச்சிருக்கேன்."

பிரியாணிக் கடையில் கொத்து பரோட்டா தட்டுவதை நிறுத்தச் சொல்லி ஆள் போயிற்று. கலியாணசுந்தரத்தின் மிஷின் ஏற்கெனவே நின்றிருந்தது. சிவப்பு, பலா, கறுப்பு என்று ஒரு சுற்று. பலா, கறுப்பு, சிவப்பு என்று மறு சுற்று. எந்த வரிசையில் என்று நானே மனசுக்குள் வைத்துக்கொண்டேன். கை வியர்த்து ஒரு முறை இரண்டு கம்பிகளைச் சேர்த்து அடித்துவிட்டேன். அது தவிர என் கச்சேரி சுமாராகவே நடந்தது. நாஸியா எனக்கு முன்னால் ஓரடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எந்தக் கிட்டாருக்கும் தலையைக்கூட அசைக்கவில்லை.

யேசுதாஸ் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "மொதல் தடவ நடுவுல வந்துதே, இப்ப மொதல்ல வந்துதே சார். அது. சிவப்பா இருந்தாலும் சரி, வேற எதுவா இருந்தாலும் சரி, எனக்கு அதுதான் வேணும்."

நான் பலாவை எடுத்து அவர் மடியில் வைத்தேன். குனிந்து பார்த்தார். சரிகைக் கரையைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிவிட்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே தாடையைக் கொம்பில் வைத்துச் சுண்டினார். மொஹசின் வேகமாக வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணனுக்குப் போன் போட்டார். "வரல பாய். இல்ல, இல்ல, ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. வரல, அவ்ளோதான்" என்பது மட்டும் கேட்டது.

"முடிச்சு போடுங்கக்கா" என்று யேசுதாஸ் கிட்டாரின் தலையை நாஸியா பக்கம் நீட்டினார்.

"நான் போடக் கூடாதுப்பா. என் கை உள்ள இருக்குது."

"அப்ப நீங்க போடுங்கண்ணே."

கலியாணசுந்தரம் பின்வாங்கினார். "என் சரிகை மட்டும் உள்ள இல்லியா? எனக்கும் கூடாது."

"நீயே போட்டுக்கோ தாஸு. கேட்டவன் நீ" என்றார் நாஸியா.

யேசுதாஸ் ஆணியிலிருந்து ஓர் இழையை உருவி, தலையைச் சுற்றிக் கட்டப் பார்த்தார். கம்பி பிடித்துத் தடித்த விரல்களுக்குக் கோராப் பட்டு அடங்கவில்லை. ஒரு முறை நழுவியது. இன்னொரு முறை தானாக அவிழ்ந்தது. கலியாணசுந்தரம் வாயைப் பொத்திச் சிரித்தார். நாஸியா முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், கைகளைப் பின்னால் கட்டியபடி, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அவருக்குப் பின்னால் வந்து நின்றிருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது, கட்டியிருந்த கைகளில் விரல்கள் ஒன்றையொன்று தேடிப்பிடித்து, இல்லாத இழையைச் சுற்றி, இறுக்கி, வெறும் காற்றில் அந்த முடிச்சைப் போட்டன.